மலையேறிய பேராசிரியர்களும் புரதப் பொடி டப்பாவும்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று. மைதானத்தில் முதல் நாள் பயிற்சி. ஆசிரியர் ஐம்பது முறை உட்கார்ந்து எழச் சொல்கிறார். நீங்களும் உற்சாகமாகச் செய்து முடிக்கிறீர்கள். அன்று மாலை ஒன்றும் தெரிவதில்லை. மறுநாள் காலை படுக்கையை விட்டு எழும்போதுதான் தொடை கடுக்கிறது. அதற்கும் அடுத்த நாள் மாடிப்படி இறங்கவே முடியவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறீர்கள். நான்காம் நாள் வலி தானாகவே போய்விடுகிறது.

இதற்குள் யாராவது ஒரு நண்பர் யோசனை சொல்லியிருப்பார்: "புரோட்டீன் பவுடர் வாங்கிக் குடி. பயிற்சி முடிந்து அரை மணிக்குள் குடித்தால் தசை உடனே சரியாகிவிடும், வலியே வராது." அந்த டப்பாவின் விலையைக் கேட்டால் அப்பாவுக்குத் தலை சுற்றும். அந்தப் பணத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்துப் பால் வாங்கிவிடலாம். ஆகவே, வாங்குவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. தசைக்குச் சக்தி கொடுப்பது புரதம்தானா? வலி ஏன் ஒரு நாள் தாமதித்து வருகிறது? புரதப் பொடி அந்த வலியைப் போக்குமா?

கேட்பவர் இயற்பியல் ஆசிரியர் ஆயிற்றே, இவருக்குத் தசையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். முதல் கேள்விக்கு விடை கண்டதே நம் பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு சின்னப் பெருக்கல் கணக்கின் உதவியால்தான்.

ஒரு மலை, ஒரு தராசு, கொஞ்சம் சிறுநீர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் லீபிக் ஒரு கருத்தைச் சொல்லி வந்தார். தசை வேலை செய்யும்போது தசையிலுள்ள புரதமே சிதைந்து சக்தியைத் தருகிறது என்பது அவர் கருத்து. நீராவி எந்திரத்துக்கு நிலக்கரி போலத் தசைக்குப் புரதம். ஆகவே கடினமாக உழைப்பவர் நிறைய இறைச்சி உண்ண வேண்டும். லீபிக் சொன்னால் அக்காலத்தில் மறுப்பு ஏது?

இதைச் சோதித்துப் பார்க்க ஜூரிச் நகரில் இருந்த இரு பேராசிரியர்கள் முடிவு செய்தனர். ஒருவர் உடலியல் அறிஞர் அடால்ஃப் ஃபிக். மற்றவர் வேதியியல் அறிஞர் யோஹான்னஸ் விஸ்லிஸேனஸ். 1865 ஆகஸ்டு 30 அன்று விடியற்காலையில் இருவரும் பிரியென்ஸ் ஏரிக்கரையிலிருந்து ஃபௌல்ஹார்ன் என்ற ஆல்ப்ஸ் சிகரத்தின் மீது ஏறத் தொடங்கினர். முந்தைய நாள் நண்பகலிலிருந்தே புரதம் உள்ள எதையும் அவர்கள் வாயில் வைக்கவில்லை. வெறும் மாவுச்சத்தைப் பிசைந்து கொழுப்பில் பொரித்த அடைகளும், சர்க்கரை போட்ட தேநீரும்தான் உணவு. நம் ஊர் ஜவ்வரிசி வடாமும் இனிப்புக் கடுந்தேநீரும் மட்டும் உண்டு ஒருவர் மலை ஏறுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்!

வழியெல்லாம் சிறுநீரைச் சிந்தாமல் சேகரித்தார்கள். சிரிக்காதீர்கள். சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது. மாவுப்பொருளும் கொழுப்பும் எரிந்தால் கரியமில வாயுவும் நீருமாக வெளியேறிவிடும். புரதத்திலோ நைட்ரஜன் இருக்கிறது. புரதம் சிதைந்தால் அந்த நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில்தான் வந்தாக வேண்டும். ஆகவே சிறுநீரிலுள்ள நைட்ரஜனை அளந்தால், உடலில் எவ்வளவு புரதம் சிதைந்தது என்று சொல்லிவிடலாம். ஏறி முடித்து ஓய்வெடுத்த ஆறு மணி நேரத்துச் சிறுநீரையும் விடவில்லை. கணக்கில் ஓட்டை இருக்கக் கூடாதல்லவா?

ஒவ்வொருவர் உடலிலும் சிதைந்த புரதம் சுமார் 37 கிராம் என்று தெரிந்தது. இனி நம் கணக்கு. ஃபிக்கின் எடை 66 கிலோகிராம். அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்ட உயரம் 1956 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 1,29,096 கிலோகிராம்-மீட்டர். இன்றைய அலகில் சொல்வதானால் 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 12,65,000 ஜூல். விஸ்லிஸேனஸ் சற்றுக் கனமானவர், 76 கிலோகிராம். அவர் செய்த வேலை 1,48,656 கிலோகிராம்-மீட்டர். உடலை மேலே தூக்கியதற்கு மட்டும் இவ்வளவு. இதயம் துடித்ததையும், மூச்சு வாங்கியதையும், கால்களை முன்னும் பின்னும் வீசியதையும் இதில் சேர்க்கவில்லை.

37 கிராம் புரதம் எரிந்தால் எவ்வளவு சக்தி வரும்? அந்த எண் அப்போது யாரிடமும் சரியாக இல்லை. லண்டனில் இருந்த எட்வர்டு ஃபிராங்க்லண்ட் 1866-ல் பல உணவுப் பொருள்களைக் கலோரிமீட்டரில் எரித்து அளந்து அந்தக் குறையைத் தீர்த்தார். அவருடைய அளவின்படி, ஃபிக்கின் உடலில் சிதைந்த புரதம் முழுவதும், ஒரு துளிகூட வீணாகாமல், வேலையாக மாறியிருந்தாலும் கிடைத்திருக்கக் கூடியது சுமார் 69,000 கிலோகிராம்-மீட்டர்தான். செய்த வேலையில் பாதியைச் சற்றே தாண்டும் அளவு! தசையும் மற்ற எந்திரங்களைப் போலவே, எரிபொருளில் சுமார் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், லீபிக்கின் கருத்து முழுதாகச் சரிந்துவிடுகிறது.

ஆக, தசைக்கு எரிபொருள் மாவுப்பொருளும் கொழுப்பும்தான். உழைக்கும் உடல் பொதுவாகத் தன் சக்தியில் நூற்றில் ஐந்து பங்கு அளவையே புரதத்திலிருந்து பெறுகிறது. புரதம் நிலக்கரி அல்ல. அது எந்திரத்தின் இரும்பு. இந்தச் சோதனை நடந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், "சக்திக்குப் புரோட்டீன்" என்று எழுதி விற்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஏறியதற்கு வராத வலி

எந்திரம் என்றால் தேய்மானம் உண்டு. மறுநாள் வலிக்கு அதுவா காரணம்?

பலர் சொல்லும் விடை வேறு. தசையில் லாக்டிக் அமிலம் தேங்கி உறைந்துவிடுகிறது, அதனால் வலி என்பார்கள். வேகமாக ஓடும்போது தசையில் லாக்டிக் அமிலம் உண்டாவது உண்மை. தசை வெப்பத்தையும் லாக்டிக் அமிலத்தையும் ஆராய்ந்த ஏ. வி. ஹில், ஓட்டோ மெயர்ஹோஃப் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தப் பொருள் ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. இதயம் அதை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கிறது. கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸ் ஆக்குகிறது. திங்கட்கிழமை மாலையிலேயே போய்விட்ட ஒன்று, புதன்கிழமை காலையில் எப்படி வலியை உண்டாக்கும்?

1983-ல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனை இதை அழகாகத் தீர்த்து வைத்தது. ஒரே ஆட்களைச் சமதளமான ட்ரெட்மில்லில் 45 நிமிடம் ஓடவிட்டார்கள். இன்னொரு முறை சரிவாக, இறக்கத்தில் ஓடுவது போல ஓடவிட்டார்கள். சமதளத்தில் ஓடியபோது இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது. பின்னர் வலி இல்லை. இறக்கத்தில் ஓடியபோது லாக்டிக் அமிலம் ஏறவே இல்லை, வலியோ வந்தது!

பழனி மலைப் படிகளில் ஏறி இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது சுகமாக இருக்கும். மறுநாள் தொடையின் முன்பக்கம் வலிப்பது அந்தச் சுகமான இறக்கத்தினால்தான்.

இது எப்படி? படியில் ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை உடலைப் பிடித்து மெல்ல இறக்குகிறது, இழுத்துக்கொண்டே நீள்கிறது. கிணற்றில் நிறைகுடத்தைக் கயிற்றில் மெல்ல இறக்குபவரின் கையைப் போல. விசை ஒரு பக்கம், இடப்பெயர்ச்சி எதிர்ப்பக்கம். நம் மொழியில் இது எதிர்க்குறி வேலை. 1952-ல் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டையைத் தடுத்து நிறுத்தப் பார்க்க வேண்டும். இருவர் காலிலும் விசை ஒன்றுதான். ஆனால் தடுப்பவருக்குச் செலவான ஆக்ஸிஜன் மிகக் குறைவு. லண்டன் ராயல் சொஸைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, சிறிய உருவம் கொண்ட பிக்லண்ட் அம்மையார் தடுத்துக்கொண்டிருக்க, பெரிய உருவம் கொண்ட ஓர் ஆண் மிதித்து மிதித்துக் களைத்துப் போனாராம்.

ஆக்ஸிஜன் ஏன் குறைவாகச் செலவாகிறது? நீளும் தசை, அதே விசையைக் குறைந்த இழைகளைக் கொண்டே தாங்கிவிடுகிறது. லாபம்தானே என்கிறீர்களா? பத்துப் பேர் இழுக்க வேண்டிய தேர்வடத்தை நான்கு பேர் பிடித்தால் ஒவ்வொருவர் கைக்கும் எவ்வளவு பாரம்! அங்கேதான் இழை கிழிகிறது.

தசை இழையின் உள்ளே சார்கோமியர் எனப்படும் மிக நுண்ணிய அறைகள் சங்கிலிக் கண்ணிகள் போல வரிசையாக இருக்கின்றன. ஒன்றின் நீளம் சுமார் 2.5 மைக்ரான். ஒரு சென்டிமீட்டருக்குள் நாலாயிரம் கண்ணிகள்! ஆக்டின், மயோசின் என்ற இரு புரதங்களின் மெல்லிய இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால் கண்ணி சுருங்குகிறது என்பதை 1954-ல் இரண்டு குழுவினர் தனித்தனியே கண்டு சொன்னார்கள். நீட்சி மிகும்போது நலிந்த கண்ணிகள் அளவுக்கு மீறி இழுபட்டுக் குலைகின்றன. கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவிலுள்ள 'இசட்' தட்டு நேர்கோடாக இல்லாமல் கலைந்து கிடப்பதை, படியிறங்க வைத்தவர்களின் காலிலிருந்து எடுத்த தசைத் துணுக்கில் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டு 1981-ல் வெளியிட்டார்கள். 1902-லேயே தியடோர் ஹஃப் என்ற அமெரிக்கர், மறுநாள் வலி களைப்பினால் வருவதன்று, தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்களால் வருவது என்று ஊகித்திருந்தார்.

கிழிந்த இடத்தைச் சுத்தம் செய்ய இரத்த வெள்ளணுக்கள் வர வேண்டும். நீர் கோத்துச் சற்று வீங்க வேண்டும். அங்குச் சுரக்கும் பொருள்கள் நரம்பு நுனிகளைக் கூருணர்வு உடையவையாக ஆக்க வேண்டும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கிறது. வலி ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சம் அடைவது இதனால்தான்.

கொத்தனாரும் செங்கல்லும்

பழுது பார்க்கும் ஆட்கள் தசைக்குள்ளேயே இருக்கிறார்கள். இழையின் ஓரமாக ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும் சிறு உயிரணுக்களை 1961-ல் அலெக்ஸாண்டர் மௌரோ தவளைத் தசையில் கண்டார். துணையணுக்கள் என்று வைத்துக்கொள்வோம். தசை பழுதானால் இவை விழித்துப் பெருகி, இழையோடு கலந்து அதைச் சீராக்குகின்றன. இவை கொத்தனார்கள் என்றால், செங்கல் அமினோ அமிலங்கள். இருபது வகைச் செங்கல்லில் ஒன்பதை உடல் தானே செய்துகொள்ளாது. உணவிலிருந்துதான் வர வேண்டும்.

புரதம் தேவை என்பதில் ஐயமே இல்லை. எவ்வளவு, எப்போது என்பதுதான் கேள்வி. சாதாரணமாக இருப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகள் 2007-ல் தந்த அளவு. கடும் பயிற்சி செய்பவருக்கு அது போதாது. 49 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, எடைப் பயிற்சி செய்பவர்களுக்குக் கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் வரை தசை வளர்ச்சிக்குப் பயன் இருக்கிறது, அதற்கு மேல் உண்பதால் கூடுதல் பயன் இல்லை என்று காட்டியது. 50 கிலோ எடையுள்ள உங்களுக்கு முதல் கணக்கில் சுமார் 42 கிராம்; தினமும் கடுமையாகப் பயிலும் விளையாட்டு வீரராக இருந்தால் 80 கிராம்.

"அரை மணிக்குள் குடிக்க வேண்டும்" என்பது? ஒரு கடும் பயிற்சிக்குப் பின் தசையில் புதுப் புரதம் கட்டும் வேலை இரண்டு நாள் வரை வேகமாக நடப்பதை 1997-ல் அளந்திருக்கிறார்கள். ரயில் கிளம்பிவிடும் என்று ஓட வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிடலாம். ஒரு வேளைக்கு 20 கிராமுக்கு மேல் உடல் பயன்படுத்தாது என்று 2009-ல் ஒரு சோதனை கூறியது. 2023-ல் நெதர்லாந்தில் ஒரே வேளையில் 100 கிராம் கொடுத்துப் பார்த்தபோது, அதையும் உடல் நெடுநேரம் நிதானமாகத் தசை கட்டப் பயன்படுத்திக்கொண்டது. அறிவியலில் இப்படித் திருத்தம் வருவது சகஜம். கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்கச் சொல்பவர்களுக்கு இரண்டுமே சாதகமாக இல்லை.

இனி, வலி. புரதப் பொடி வலியையும் தசையின் தளர்ச்சியையும் குறைக்கிறதா என்று பார்த்த பல சோதனைகளை 2014-ல் தொகுத்து ஆராய்ந்தவர்கள், அப்படி ஒரு தெளிவான தொடர்பு தென்படவில்லை என்றே எழுதினார்கள். கிழிந்தது ஆற வேண்டும், அதற்கு நாள் ஆகும். செங்கல்லை மலை போலக் குவித்தாலும் கொத்தனார் தன் வேகத்தில்தான் கட்டுவார்.

டப்பாவுக்குள் என்ன?

பெரும்பாலான டப்பாக்களில் இருப்பது பால் திரிந்த நீரின் புரதம். பன்னீர் செய்யும்போது வெளிறிய பச்சை நீர் ஒன்று வடிகிறதே, அதுதான். பாலிலுள்ள புரதத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடுகிறது. மேல்நாடுகளில் பாலாடைக்கட்டி ஆலைகள் பத்து லிட்டர் பாலுக்கு ஒன்பது லிட்டர் என்று வடியும் இந்த நீரை ஆற்றில் கொட்டின, பன்றிக்குக் கொடுத்தன. பின்னர் நுண்துளைச் சவ்வுகள் வந்தன. அழுத்தம் கொடுத்து அவற்றின் வழியே செலுத்தினால், நீரும் சர்க்கரையும் உப்பும் வெளியேறும்; பருத்த புரத மூலக்கூறுகள் தங்கிவிடும். உலர்த்தினால் பொடி. நல்ல புரதம்தான், எளிதில் ஜீரணமாவதுதான். அதில் மாயம் ஒன்றுமில்லை.

டப்பாவின் மேல் "புரதம் 24 கிராம்" என்று அச்சிட்டிருப்பதை எப்படி அளக்கிறார்கள்? கோபன்ஹேகனில் கெல்டால் என்பவர் 1883-ல் கண்ட முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்குவது. புரதத்தில் நைட்ரஜன் நூற்றுக்குப் பதினாறு பங்கு என்பதால் இந்தப் பெருக்கல். ஃபிக் சிறுநீரில் செய்த அதே கணக்கு! ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. கருவி நைட்ரஜனைத்தான் பார்க்கிறது. அது எதிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. 2008-ல் சீனாவில் சிலர் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்ற நைட்ரஜன் மிகுந்த பிளாஸ்டிக் மூலப்பொருளைக் கலந்தார்கள். பரிசோதனையில் புரதம் நிறைய இருப்பதாகத் தெரிந்தது. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன. ஆறு குழந்தைகள் இறந்தன. புரதப் பொடியிலும் கிளைசின் போன்ற மலிவான தனி அமினோ அமிலங்களைக் கலந்து எண்ணை உயர்த்திக் காட்டும் மோசடி நடந்திருக்கிறது.

போட்டிகளுக்குப் போகும் மாணவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். பதின்மூன்று நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப்பொருள்களை ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வுக்கூடம் சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 94-ல், மேலுறையில் சொல்லாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் இருந்தன. தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லி ஊக்கமருந்துத் தடையிலிருந்து எளிதில் தப்ப முடியாது.

வீட்டுச் சமையலறைக்கு வருவோம். ஒரு டம்ளர் பாலில் ஆறு, ஏழு கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, முப்பது கிராம் என்று வைத்துக்கொண்டால், ஏழு கிராம். கூட்டிப் பாருங்கள், இருபது வந்துவிட்டது. முட்டை உண்ணாதவர் பொட்டுக்கடலையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ வைத்துக்கொள்ளலாம். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைவு. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இட்லிக்கு உளுந்தையும் அரிசியையும் சேர்த்து அரைத்த பாட்டிமார் இதையெல்லாம் அறிந்திருக்கவில்லை. ஆனால் கூட்டு சரியாக அமைந்துவிட்டது. சரியாகச் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும், நாளுக்கு இரு வேளை பயிலும் வீரர்கள் சிலருக்கும் பொடி வசதியானது என்பதை நான் மறுக்கவில்லை. பள்ளி மைதானத்தில் மாலை ஒரு மணி நேரம் கபடி ஆடுபவருக்கு அது வேண்டியதில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. பழக்கமில்லாமல் மிகக் கடுமையாகப் பயிற்சி செய்தபின் சிறுநீர் கறுப்புத் தேநீர் போல இருண்டு வந்தால், அது சாதாரண வலி அல்ல. தசை பெருமளவில் சிதைந்து அதன் சிவப்புப் புரதம் இரத்தத்தில் கலந்திருக்கக் கூடும், சிறுநீரகம் அடைபடும். 1941-ல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் நசுங்கியவர்களிடம் மருத்துவர்கள் கண்டு எழுதியது இதைத்தான். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

முழங்கால் நோவு இல்லாதவர்கள் இதைச் செய்யலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழான உயரத்தில் அசையாத படி ஒன்று வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, வலது காலை வைத்துப் படியில் ஏறுங்கள். இறங்கும்போதும் வலது காலையே முதலில் தரையில் வையுங்கள். இப்போது உடலைத் தூக்குவது எப்போதும் வலது கால்; மேலே நின்று உடலை மெல்ல இறக்குவது எப்போதும் இடது கால். இரண்டும் செய்யும் வேலையின் அளவு ஒன்று, குறிதான் வேறு. பத்து நிமிடம் போதும். முடியாவிட்டால் முன்னதாகவே நிறுத்திவிடுங்கள். அப்போது களைத்திருப்பது எந்தக் கால் என்று எழுதி வையுங்கள். பிறகு சனி, ஞாயிறு, திங்கள் காலைகளில் ஒவ்வொரு தொடையின் வலிக்கும் சுழியிலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் கொடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே படியில் அதே சோதனையை, அதே கால் வரிசையில் திரும்பச் செய்யுங்கள். ஒரு முறை அடிபட்ட தசை, அடுத்த முறைக்குத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது; அந்தப் பாதுகாப்பு பல வாரம் நீடிக்கும். காசு கொடுத்து வாங்கும் எதுவும் வலிக்கு எதிராக இவ்வளவு வேலை செய்வதில்லை. இரண்டு முறைக்கும் உரிய இடது கால் மதிப்பெண்களை ஒரே வரைபடத் தாளில், வேறு வேறு நிற மையால் குறித்துப் பாருங்கள்.